மரியாதை குறைந்தால் சர்க்கரை கொடுக்கவும்

பினாங்குக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஆளைப் பிடித்து வரப் போனேன். ஜில்லா கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்து பென்ஷன் வாங்குகிறவனுக்கு இது புதிய வேலை அல்ல. ஜப்திக்கு ஒரு முறை, வாரண்டுக்கு ஒரு முறை, சம்மனுக்கு ஒரு முறை உண்டு. முறைப்படி போனால் ஆள் வந்துவிடுவான் என்பது என் சர்வீஸ் முழுவதும் நான் கண்ட அனுபவம்.

பிடிக்கவேண்டிய ஆள் என் தங்கை காமாட்சியின் ஒரே மகன் தியாகராசன். வயது இருபத்திரண்டு. பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் சரக்குக் கிட்டங்கியில் குமாஸ்தா. குற்றம், நீரிழிவு.

சென்ற வருஷம் திடீரென்று அவன் உடம்பு வற்றிப்போயிற்று. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். ஒரு நாள் ஆபீசிலேயே நினைவு தப்பி விழுந்தான். இன்சுலின் என்ற மருந்தை ஊசி வழியாக ஏற்றிப் பிழைக்க வைத்தார்களாம். அன்று முதல் அவன் தினந்தோறும் தன்னைத் தானே குத்திக்கொள்கிறான் என்று கடிதம் வந்தது. தொந்தி விழுந்த மிராசுதாரர்களுக்கு வருகிற வியாதி வாலிபனுக்கு எப்படி வரும் என்று கும்பகோணம் முழுவதும் யோசித்தது. எங்கள் ஊர் வைத்தியர் ஒருவர் யோசிக்காமலே தீர்ப்பு எழுதினார்: உடம்பை அசைக்கவே கூடாது. படுக்கையில் வைத்துப் பாகற்காய் கொடுக்கவேண்டும்.

"அண்ணே, அவனைக் கையோட கூட்டிக்கிட்டு வந்துடு. நடந்து வந்தா நடக்க வச்சு, இல்லாட்டி தூக்கிக்கிட்டாவது வந்துடு" என்றாள் காமாட்சி. கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். "அதுவரைக்கும் அவன் கண்ணுலயே சர்க்கரை படக்கூடாது."

அவளுக்கு அவன் ஒருவன்தான். திரும்பும் பயணத்துக்கு இரண்டு டிக்கெட்டுடன் கப்பல் ஏறினேன். கடலைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. வழி நெடுக நான் பார்த்ததெல்லாம் ஒரு தகர வாளியின் உட்புறம்.

பினாங்கு ஜெட்டியில் இறங்கி, கூட்டத்தில் ஒரு நோயாளியைத் தேடினேன். யாரோ என் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். கூலி பேசாமல் தூக்குகிறானே என்று அதட்டத் திரும்பினால், தியாகு.

"மாமா, என்ன இப்படி இளைச்சுட்டீங்க?" என்றான்.

அது நான் சொல்வதற்காக வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம். அவனுக்கு நெஞ்சு விரிந்திருந்தது. கெண்டைக்கால் கல்லாக இருந்தது. என்னை ஒரு ரிக்ஷாவில் ஏற்றிவிட்டுத் தான் சைக்கிளில் பக்கத்தில் வந்தான்.

ரிக்ஷாவை மனிதன் இழுக்கிறான் என்பதைக் கேள்விப்பட்டிருந்தேன். அதில் உட்கார்ந்தால் முதுகு கூசும் என்று யாரும் சொல்லவில்லை. பாதி வழியில் அந்தச் சீனர் வண்டியைச் சாய்த்துத் தெருவோரம் நிறுத்திவிட்டு, ஒரு கடையில் நின்று கஞ்சி குடிக்கப் போய்விட்டார். நான் வானத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன். எங்கள் ஊர் ஜட்காக்காரன் குதிரைக்குப் புல் போட நிறுத்துவான். இங்கே குதிரையும் அவரே என்பதால் எனக்குக் கோபப்பட வகையில்லை.

செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக உள்ள தெருவுக்குப் பின்னால், ஒரு கடைவீட்டின் மாடியில் குமாஸ்தாக்கள் சிலர் சேர்ந்து மெஸ் வைத்திருந்தார்கள். கீழே மசாலா அரைக்கும் வாசனை, மேலே கோயில் மணி. கும்பகோணத்தை மடித்துக் கப்பலில் கொண்டுவந்து பிரித்ததுபோல இருந்தது. மறுநாள் காலை இட்லிக்கு வைத்த சட்னியை வாயில் போட்டதும் அந்த எண்ணம் போயிற்று. சட்னி அல்ல, சம்பல். மிளகாயும், கருவாட்டின் தூரத்து உறவு ஒன்றும் அதில் இருந்தன.

"பிளாச்சான் ஐயா. சுட்ட இறால் கட்டி. இங்க அது இல்லாம எவனும் சோறு திங்க மாட்டான் லா" என்றாள் சமையல் செய்யும் அஞ்சலை. சுங்கை பினாங்கிலிருந்து விடியுமுன்பே நடந்து வருகிறவள். தியாகு விழுந்த நாளில் இவள்தான் ஆஸ்பத்திரி வாசலில் பட்டினி கிடந்தாளாம். அவனைத் தவிர எல்லோரையும் திட்டுவாள்.

அன்று நான் கண் விழிக்கும்போதே தியாகு வேலையில் இருந்தான். ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம். அதில் தன் சிறுநீர் சில சொட்டு. சாராய விளக்கில் காய்ச்சினான். நிறம் நீலமாகவே நின்றால் நீரில் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சளானால் அதிகம். செங்கல் நிறத்துக்குப் போனால் அன்று ஆபத்து. நிறம் பார்த்தபின் ஊசியைக் கொதிநீரில் போட்டெடுத்து, மருந்தை அளந்து, தொடையில் குத்திக்கொண்டு, அஞ்சலை வைத்த இட்லியைச் சாப்பிட்டான். மருந்துப் புட்டி ஈரத்துணி சுற்றிய மண்சட்டிக்குள் திரும்பியது. ஒரு காரியம் இவ்வளவு வரிசையாக நடந்து நான் கச்சேரியில்கூடப் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு வாரிசு இருக்கிறான் என்று அப்போது நினைத்தேன்.

பிறகு அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் சுற்றப் போய்விட்டான். உழைப்பே கூடாது என்பதல்லவா தீர்ப்பு? மேல் அதிகாரியிடம் போவது என்று முடிவு செய்தேன்.

அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சீமையில் படித்தவர். என் முறையீட்டைக் குறுக்கிடாமல் கேட்டார். அதிலேயே அவர் நல்ல அதிகாரி என்று தெரிந்தது.

"ஐயா, உங்கட வைத்தியர் சொன்னது பழைய காலத்துக் கதை. ஊசி இல்லாத காலத்தில இந்தப் பெடியனைப்போல ஆக்கள் சதை கரைஞ்சு செத்துப்போவினம். படுக்க வைக்கிறதைத் தவிர வேற வழி இருக்கேல்லை. இப்ப மருந்து இருக்கு. ஓடட்டும், மிதிக்கட்டும். உடம்பு வேலை செய்யேக்க சர்க்கரையை அதுவே எரிக்கும். நல்லதுதான்."

"அப்படியானால் ஆபத்தே இல்லையா?"

"ஆர் சொன்னது? மருந்தும் சர்க்கரையை இறக்கும், மிதிக்கிறதும் இறக்கும். ரெண்டும் சேர்ந்தா அளவுக்கு மிஞ்சி இறங்கிப்போகும். அதுக்குத்தான் நெடுந்தூரம் போற நாளில ஊசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கிறன். வழியில சோறு, பாண், பழம் ஏதாவது அடிக்கடி சாப்பிட வேணும். சட்டைப்பையில கல்கண்டு இருக்க வேணும். உங்களிட்டயும் இருக்கட்டும். காலமை நிறம் செங்கலாய் இருந்தா அண்டைக்கு வெளிக்கிடவே கூடாது. விளங்குதோ?"

கல்கண்டு என்ற சொல்லைக் கேட்டதும் காமாட்சியின் முகம் என் முன்னால் வந்து நின்றது. சர்க்கரை வியாதிக்குச் சர்க்கரையா என்றேன். டாக்டர் சிரித்தார்.

"கூடினாலும் வியாதி, குறைஞ்சாலும் வியாதி. குறையிறது கெதியாய் வரும். வியர்க்கும், கை நடுங்கும், புத்தி தடுமாறும். சில பேருக்குக் கோவம் வரும். உங்கட மருமகன் தங்கமான பெடியன். அவன் உங்களை மரியாதை இல்லாமப் பேசத் தொடங்கினா விளக்கம் கேட்டுக்கொண்டு நிக்காதேங்கோ. உடனே சர்க்கரையைக் குடுங்கோ. விழுங்கக்கூடிய நிலையில இருக்கேக்க குடுத்திட வேணும். மயங்கின பிறகு வாயில ஒண்டும் ஊத்தக்கூடாது."

என் சர்வீசில் என்னை மரியாதையில்லாமல் பேசியவர்களுக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். சர்க்கரை கொடுத்ததில்லை. ஆனாலும் குறித்துக்கொண்டேன்.

அன்று மாலை தியாகுவிடம் விஷயத்தை உடைத்தேன். டாக்டர் சொன்னது சரியாகவே இருக்கட்டும், உன் அம்மா அங்கே தூங்குவதில்லை, கப்பல் காத்திருக்கிறது, கிளம்பு என்றேன். அவன் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டான்.

"அங்க வந்து என்ன செய்யணும் மாமா?"

"ஓய்வாக இரு."

"எத்தனை வருஷத்துக்கு?"

இந்தக் கேள்விக்கு விதிகளில் இடம் இல்லை.

"ஞாயித்துக்கிழமை இந்தத் தீவை ஒரு சுத்து சுத்தப் போறேன்" என்றான். "இங்க இருக்கிற பயலுங்க எல்லாம் சுத்தியிருக்காங்க. காலையில கிளம்பினா பொழுது சாய வந்துடலாம். நடுவில மலை ஏத்தம் இருக்கு. நீங்க மோட்டார்ல பின்னாலயே வாங்க. என் சைக்கிள்ல நான் இந்த வாசலுக்குத் திரும்பி வந்தா நீங்க தனியாப் போய் அம்மாகிட்டச் சொல்லணும். உங்க மோட்டார்ல வந்து இறங்கினா, அடுத்த கப்பல்ல நானும் ஏறிடறேன். அப்புறம் வாயே திறக்க மாட்டேன். பாகற்காய்தான்."

நிபந்தனைகள் தெளிவாக இருந்தன. ஒப்புக்கொண்டேன். அவன் தோற்பான் என்றே நினைத்தேன். தோற்றால் அவன் முகம் எப்படி இருக்கும் என்பதை மட்டும் நினைக்காமல் தவிர்த்தேன்.

மோட்டாருக்குக் காசிம் என்ற டிரைவரைப் பேசினோம். பினாங்கிலேயே பிறந்த தமிழ் முஸ்லிம். அவருடைய காருக்கு ஹாரன் வேலை செய்யாது. அதற்குப் பதில் அவரே கையை வெளியே நீட்டிக் கதவைத் தட்டிக்கொண்டு கூவுவார். "கெரெத்தா கிழவிதான் ஐயா, ஆனா மானஸ்தி. பாதியில நிக்க மாட்டா" என்று உறுதி கொடுத்தார். கெரெத்தா என்றால் அங்கே கார்.

ஞாயிறு காலை நிறம் இளம் பச்சை. தியாகு ஊசியைக் குறைத்துக்கொண்டான். இட்லி வழக்கத்தைவிட அதிகம் சாப்பிட்டான். அஞ்சலை அவனுடைய கல்கண்டு டப்பாவைச் சட்டைப்பையில் வைத்தாள். எனக்கென்று ஒரு பொட்டலத்தை நூலால் இறுகக் கட்டிக் கூடையில் வைத்துக் கொடுத்தாள். பஞ்சர் மருந்து, தண்ணீர்ப் புட்டி, சாராய விளக்கு, நீலத் திரவம், கண்ணாடிக் குழாய் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பொட்டலத்தை மட்டும் பிரிக்கவில்லை. உரிய இடத்திலிருந்து முத்திரையோடு வந்த கட்டை நான் என்றும் பிரித்துப் பார்த்தவன் அல்ல.

வடக்குக் கரைச் சாலை அவ்வளவு அழகு. இடது கைப்பக்கம் மலை, வலது கைப்பக்கம் கடல். நடுவில் என் மருமகனின் முதுகு, ஏறி இறங்கியபடி. தஞ்சோங் பூங்காவில் மலாய் மீனவர்கள் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் எங்களைப் பார்த்துக் காசிமிடம் ஏதோ கேட்டார். "அந்தப் பையன் ஓடிப்போறானா, நீங்க தொரத்துறீங்களான்னு கேக்கறாரு" என்றார் காசிம். இரண்டும்தான் என்று சொல்லச் சொன்னேன்.

தெலுக் பாஹாங்கில் ஒரு தென்னந்தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி தியாகுவுக்கு நண்பர். சுப்பையா என்று பெயர். நாங்கள் வருவது தெரிந்து வாசலில் நின்று வரவேற்றார். இலை போட்டு உட்கார வைத்தார்.

"தம்பிக்கு என்ன ஆகும், என்ன ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? காலையிலேர்ந்து வீட்டுல தனிச் சமையல்" என்றார் பெருமையாக.

இலையில் பாகற்காய் வறுவல் வந்தது. அவித்த முட்டை வந்தது. கீரை வந்தது. மோர் வந்தது. சோறு வரவில்லை. இட்லி வரவில்லை. கடைசியில் சர்க்கரை போடாத காப்பி வந்தது. வீட்டு அம்மாள் கதவோரம் நின்று, "இன்னும் கொஞ்சம் பாகக்கா போடட்டுமா தம்பி?" என்றாள். எனக்கும் காசிமுக்கும் சோறும் பாயசமும் வைத்துவிட்டு அவனுக்கு மட்டும் இந்த உபசாரம்.

தியாகு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். தனக்கென்று ஒரு வீட்டில் காலையிலிருந்து அடுப்படியில் நின்று சமைத்திருக்கும்போது, அம்மா, இதெல்லாம் வேண்டாம், அந்தப் பாயசத்தைக் கொடுங்கள் என்று எந்தத் தமிழன் வாய் கூசாமல் கேட்பான்? அவன் கேட்கவில்லை. பாகற்காயை இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டான். வெளியே வந்து, "பரவாயில்ல மாமா, கல்கண்டு இருக்கே. ஏத்தத்துல போட்டுக்கறேன்" என்று சைக்கிளில் ஏறினான்.

அங்கிருந்துதான் மலைச் சாலை. கிளம்பிய சிறிது நேரத்தில் மானஸ்தி டயர் வெடித்துச் சாய்ந்தாள். காசிம் பாட்டுப் பாடிக்கொண்டே சக்கரத்தைக் கழற்றினார். முன்னால் வளைவில் தியாகுவின் முதுகு மறைந்தது. கையைப் பிசைந்தபடி நான் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கச்சேரியாக இருந்தால் யாரையாவது துரிதப்படுத்தியிருப்பேன். காசிமைத் துரிதப்படுத்த முடியாது. அவர் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார்.

மறுபடி கிளம்பி, ஏற்றத்தில் சில வளைவுகள் தாண்டியதும் அவனைக் கண்டோம். சைக்கிள் வடிகாலில் கிடந்தது. அவன் சாலை நடுவில் நின்றுகொண்டிருந்தான். சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"என்னப்பா, களைப்பா?" என்று இறங்கினேன்.

"யோவ் சிரஸ்தார்!" என்றான்.

காசிம் வாயைப் பிளந்தார்.

"என்னைப் பிடிச்சுக்கிட்டுப் போக வந்துட்டியா? உன் கச்சேரி அதிகாரமெல்லாம் இங்க செல்லாது. பென்ஷன் வாங்கியும் அதிகாரம் போகலே உனக்கு. ஊர்ல ஒருத்தரும் உன் பேச்சைக் கேக்கறதில்லேன்னுதானே கப்பல் ஏறி வந்தே?"

"கள்ளு சாப்பிட்டுட்டான் போல ஐயா" என்று காசிம் என் காதில் சொன்னார். எனக்கும் ஒரு கணம் காது மடல் சுட்டது. என்ன தைரியம் என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது டாக்டரின் குரல் ஞாபகம் வந்தது. விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காதேங்கோ.

அவன் கையைப் பிடித்தேன். நடுங்கியது. அவன் திறக்கவே மறந்துபோன டப்பாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் திறந்தேன். உள்ளே கல்கண்டு இல்லை. பொட்டுக்கடலை. கூடையிலிருந்த என் பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். பொட்டுக்கடலை. நன்றாக வறுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டது.

அஞ்சலை! சீனி வியாதிக்காரனுக்குச் சீனி கொடுத்து அனுப்ப அவள் மனது இடம் கொடுத்திருக்காது. பெற்றவள் அங்கே சொன்னதை, பெறாதவள் இங்கே செய்துவிட்டாள். தெலுக் பாஹாங்கில் கிராணி அம்மாள் செய்ததும் அதேதான். ஒரு தீவு முழுவதும் அன்பாகக் கூடி அந்தப் பையனைச் சர்க்கரையிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. அவன் என் கையில் தள்ளாடினான்.

"சர்க்கரை! காசிம், எங்கே கிடைக்கும்?"

"மேல ஒரு சீனக் கிழவி ஜாதிக்காய் விக்குது ஐயா. சீனிப் பாகில ஊறப்போட்டது."

"ஓடு!"

காசிம் காரைக் கிளப்பினார். நான் தியாகுவைச் சாலையோரம் உட்கார வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவன் என்னைத் தள்ளினான். என் மூக்கைப் பற்றியும் தாசில்தார் பரீட்சையில் நான் தவறியதைப் பற்றியும் சொன்னான். பிறகு பேச்சு குழறியது. கண் செருகப் பார்த்தது. தூங்காதே என்று அவன் கன்னத்தில் தட்டினேன். இன்னும் பேசு, இன்னும் திட்டு, என்னை எது வேண்டுமானாலும் சொல் என்று கெஞ்சினேன். என்னை யாரும் அவ்வளவு திட்டவேண்டும் என்று நான் அதற்கு முன் ஆசைப்பட்டதில்லை. காமாட்சிக்கு என்ன சொல்வேன்?

கதவைத் தட்டும் சத்தமும் கூவலும் கேட்டன. கார் வந்து நின்றது. பின் இருக்கையில் மடியில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியுடன் சீனக் கிழவி உட்கார்ந்திருந்தார். ஜாடியைத் தனியாக அனுப்பச் சம்மதிக்காமல் தானே ஏறிக்கொண்டாராம். இறங்கி, தியாகுவை ஒரு பார்வை பார்த்து, மலாயில் படபடவென்று பொரிந்தார்.

"பையனை இந்த வெயில்ல மிதிக்க விட்டுட்டு, பெரிய மனுஷன் கார்ல வர்றியா, வெக்கமா இல்லியான்னு கேக்குது ஐயா" என்று காசிம் மொழிபெயர்த்தார். அந்தச் சமயத்தில் மொழிபெயர்ப்பு அவசியம்தானா என்று தெரியவில்லை.

விழுங்குகிறானா என்று முதலில் ஒரு சொட்டுப் பாகு நாக்கில் வைத்தேன். விழுங்கினான். பிறகு கிழவி ஒரு சிரட்டைக் கரண்டியால் பாகை ஊட்டினார். அவன் தலையைத் திருப்பிக்கொண்டபோது மூக்கைப் பிடித்து ஊட்டினார். மணம் மூக்கில் ஏறும் கெட்டிப் பாகு. பிறகு ஜாதிக்காய்த் துண்டுகளையும் மென்று தின்றான். மலையில் எங்கோ அருவி விழும் சத்தம் அதுவரை என் காதில் விழவே இல்லை. இப்போது விழுந்தது.

வியர்வை அடங்கியது. கண் நிலைகொண்டது. அவன் சுற்றிலும் பார்த்தான். டப்பாவிலிருந்து கொட்டிக் கிடந்த பொட்டுக்கடலையைப் பார்த்தான்.

"மாமா... ரொம்ப மரியாதையில்லாமப் பேசிட்டேனா?"

"கொஞ்சம். உண்மையும் கலந்துதான் பேசினாய்."

"தாசில்தார் பரீட்சையா?"

"அதுவும்."

அவன் எழுந்து நின்று வடிகாலிலிருந்து சைக்கிளைத் தூக்கினான். காசிம் ஓடிப்போய் வாங்கிக்கொண்டார். "போதும் தம்பி. கெரெத்தாவுக்குப் பின்னால கட்டிடறேன். உசுரு பொழைச்சதே பெரிசு லா." தியாகு மறுக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. காரின் கதவுப் பக்கம் நடந்தான். அவன் நடந்த விதம் எனக்குத் தெரிந்த நடை. தீர்ப்புக் கேட்டுவிட்டுக் கச்சேரிப் படியிறங்குகிறவர்கள் அப்படித்தான் போவார்கள்.

நான் வந்த காரியம் முடிந்துவிட்டது. இரண்டு டிக்கெட்டும் வீண் போகாது. கும்பகோணத்தில் கட்டில் தயார். ஆனால் என்ன நடந்தது என்று மனத்தில் விசாரித்துப் பார்த்தேன். மருந்தை அவன் சரியாகக் குறைத்தான். காலையில் சரியாகச் சாப்பிட்டான். நிறம் பார்த்தான். அவன் செய்த ஏற்பாட்டில் குறையே இல்லை. அதில் அன்பு என்ற பெயரில் நாங்கள் எல்லோரும் கை வைத்தோம். கட்டிலில் படுக்க வைத்தால் அந்தக் கைகள்தான் அதிகமாகும்.

"காசிம், சைக்கிளைக் கீழே வை" என்றேன்.

தியாகு திரும்பினான்.

"உன் சைக்கிளில் நீ வாசலுக்கு வரவேண்டும் என்பதுதான் நிபந்தனை. வழியில் உட்காரக்கூடாது என்றோ, ஜாதிக்காய் தின்னக்கூடாது என்றோ இல்லை. ஆனால் இப்போதே ஏறக்கூடாது. முதலில் ஓய்வு, பிறகு சோறு. பிறகு நிறம் பார்ப்போம்."

கிழவியின் கொட்டகைக்குப் போனோம், அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. கிழவி அவனுக்கு அரிசிக் கஞ்சியும் வாழைப்பழமும் கொடுத்தார். நன்றாக ஓய்ந்தபின் மரத்துக்குப் பின்னால் போய் வந்து, சாராய விளக்கை ஏற்றிக் குழாயைக் காய்ச்சினான். கிழவி ஆவலோடு எட்டிப் பார்த்தார். என்ன பானம் என்று கேட்கிறது என்றார் காசிம். இந்த ஒன்றை மட்டும் மொழிபெயர்க்காமல் விடும்படி கேட்டுக்கொண்டேன்.

நீலம். இன்னும் சாப்பிடு என்றேன். இன்னொரு கிண்ணம் கஞ்சி, இன்னும் இரண்டு பழம், இன்னும் கொஞ்ச நேரம் நிழல். மறுபடி காய்ச்சினான். நீலத்தில் மெதுவாக ஒரு பசுமை புரண்டது. குறுவைப் பயிர் முளைக்கிறபோது வயலில் தெரியுமே, அந்தப் பசுமை. நாங்கள் நான்கு பேரும் அந்தக் குழாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம். கிழவி எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

ஜாதிக்காய் ஊறலில் ஒரு புட்டி வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். இம்முறை திறந்து பார்த்து, ருசியும் பார்த்து வைத்தேன். அதன்பின் கார் அவனைவிட்டுப் பிரியவில்லை. பாலிக் பூலாவ் சந்தையில் பலகாரக் கடை முன் நிறுத்தி ஊட்டினேன். அடுத்த மலை ஏற்றத்தில் பக்கத்திலேயே ஊர்ந்து, சாப்பிடு சாப்பிடு என்று ஜன்னல் வழியாக ரொட்டியை நீட்டினேன். "மாமா, இனிமே தின்னா வாந்திதான் வரும்" என்றான். மரியாதையாகச் சொன்னான். ஆகவே நம்பினேன். தெற்கே நெல்வயல்கள் வந்தபோது, எங்கள் ஊர்ப்பக்கம் என்றே தோன்றியது. நெல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரியாது போலும்.

ஜெலுத்தோங் தாண்டி ஊருக்குள் நுழையும்போது வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. மெஸ் வாசலில் அஞ்சலை நின்றாள். தியாகு மணியடித்துக்கொண்டே வந்து, சைக்கிளைவிட்டு இறங்காமலே வாசல் தூணைப் பிடித்து நின்றான்.

நான் காலியான பொட்டுக்கடலை டப்பாவை அஞ்சலையிடம் நீட்டினேன். மலையில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் இடிந்தது. தலையில் கை வைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சீனி எமன்னுதானே ஐயா எல்லாரும் சொன்னாங்க! என் கையாலயே..."

"அக்கா, அழாதீங்க. கடலை நல்ல ருசி. காசிம் அண்ணன்தான் எல்லாத்தையும் தின்னுட்டாரு" என்றான் தியாகு.

டாக்டர் சொன்னதை நான் அவளுக்கு ஒரு முறை விளக்கினேன். அவள் என்னைத் திருப்பிச் சொல்லிக்காட்டச் சொன்னாள். பிறகு தானே சொல்லிக்காட்டினாள். மிதித்த களைப்பு ராத்திரியும் சர்க்கரையை இறக்கலாம், படுக்குமுன் சாப்பிடவேண்டும் என்றதும், பாலும் ரொட்டியும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துக் காவல் உட்கார்ந்தாள். மறுநாள் காலை பார்த்தால், அவனுடைய சட்டைகள் எல்லாவற்றிலும் உள்பக்கம் ஒரு சிறு பை தைத்து, கல்கண்டு போட்டு, வாயைப் பொத்தானிட்டு மூடியிருந்தாள். சலவைக்காரன் மேல் எறும்பு மொய்க்கும் என்று தியாகு சொன்னதற்கு, மொய்க்கட்டும் என்றாள்.

காமாட்சிக்கு என்ன சொல்வது என்று மிச்ச நாட்களில் யோசித்தேன். பையன் வரவில்லை என்றால் அழுவாள். பச்சை நிறத்தையும் கெண்டைக்காலையும் எப்படி விளக்குவது? கடைசியில் தியாகுவைச் சைக்கிளோடு நிறுத்திப் படம் பிடிக்கச் செய்து, ஜாதிக்காய் ஊறல் இரண்டு புட்டியும் வாங்கிக்கொண்டேன். படத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு துண்டு தின்னச் சொல்லவேண்டும். மீதியை அவள் கேட்பாள், நான் சொல்வேன்.

ஜெட்டியில் தியாகு என் பெட்டியைத் தூக்கிவந்து படகில் இறக்கினான். அந்த இரண்டாவது டிக்கெட்டை என்ன செய்தீர்கள் என்று கேட்டான். விதிப்படி திருப்பிக் கொடுத்துவிட்டேன், அதற்கு ஒரு மனு, இரண்டு சாட்சி, ஒரு நாள் ஆயிற்று என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"போங்க மாமா! உலகத்துல உங்களை மாதிரி ஒரு தொணதொணப்பு மனுஷனை நான் பாத்ததே இல்ல. அந்தக் கப்பல்காரன் பாவம். போற வழியெல்லாம் அவனுக்கு மனு எழுதக் கத்துக்கொடுக்காம, பேசாமப் படுத்துத் தூங்குங்க."

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. ஒரு கல்கண்டை எடுத்து அவனிடம் நீட்டிவிட்டேன். அவன் அதைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"இதுக்கு அது வேணாம் மாமா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "நான் நல்லாத்தான் இருக்கேன்."

படகு நகர்ந்தது. கல்கண்டை நானே வாயில் போட்டுக்கொண்டேன்.